சீரில் போன கார்புரேட்டர்

நம் குழுவில் நான் போட்ட பன்னீர்ச் செம்பின் படத்துக்கு உங்களில் பாதிப் பேர் கை கூப்பியிருந்தீர்கள். மீதிப் பேர் பூப் போட்டிருந்தீர்கள். ஒருத்தி மட்டும், "எங்க வாங்குன? என்ன வெல?" என்று கேட்டிருந்தாள். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தும் இதையேதான் கேட்டாள். அறுபதை நெருங்கியும் திருந்தவில்லை.

வாங்கவில்லை. அது எங்கள் ஆத்தாவுடையது. போன மாதம் கண்டரமாணிக்கத்திலிருந்து சின்னாத்தா கூரியரில் அனுப்பினார். சின்னாத்தா என்றால் ஆத்தாவின் தங்கை, என் சித்தி. வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறார். "அடியில ஒங்க ஆத்தா பேரு வெட்டியிருக்கு. நீயே வச்சுக்க" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டிருந்தார். அந்தச் செம்பு கண்டரமாணிக்கத்துக்கு எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். பேரன் பேத்திகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

கோட்டையூரில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒளிந்து பிடித்து விளையாட வந்து, வழி தெரியாமல் அழுதவர்கள் இந்தக் குழுவிலேயே இரண்டு பேர் இருக்கிறீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு பெரிய வீட்டில் எங்களுக்கு என்று இருந்தது ஏழில் ஒரு பங்கு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பொது. பொதுவில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஏழு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். ஏழு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்துக்குத் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

பின்வாசல் பக்கத்து வண்டிக் கொட்டகையில் நின்ற பிக்கப்பும் அப்படிப் பொதுச் சொத்துதான். பெரியவர்கள் காலத்தில் வெளிநாட்டு வியாபாரம் நன்றாக நடந்தபோது கப்பலில் வந்து இறங்கிய வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மரப் பலகை அடித்த தொட்டி. நான் பார்த்த நாளில் நாலு டயரும் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அந்த முட்டை யாருக்கு என்ற தகராறில் இரண்டு பங்காளி வீடுகள் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் அப்பச்சி, அதாவது என் அப்பா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உங்களில் சிலர் அவரிடம் குட்டு வாங்கியிருக்கிறீர்கள். எந்தக் கணக்கையும் நாலு வரியில் முடிக்கிற மனிதருக்கு அந்த வண்டி மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏழாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய அந்தச் சித்திரையில், முழுப் பரீட்சைத் தாள் திருத்தி முடித்த மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். "எதுக்கு சார் இந்த வேல?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சும்மாதான்" என்றார்.

சும்மா விடுவார்களா? மூத்த பங்காளி மதுரையிலிருந்து வந்திருந்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு காப்பி டம்ளரைக் கீழே வைத்தவர், "இந்தா பாருப்பா, ஆனில படைப்புக்கு எல்லாரும் வருவோம்ல. அன்னைக்கே பழைய இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன். எடை போட்டுத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்" என்றார். முன்னோருக்குப் புதுத்துணியும் சோறும் வைத்துக் கும்பிடுகிற படைப்புக்குத்தான் ஏழு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேருவார்கள். வீட்டை விற்பது, சுவரை இடிப்பது மாதிரியான பேச்செல்லாம் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

"ஓடுற வண்டியா இருந்தாண்ணே?" என்றார் அப்பச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். "ஓடினா நீயே வச்சுக்க. யாரு வேண்டாங்கப் போறா?" என்றார் மூத்த பங்காளி. அங்கே இருந்த அத்தனை பங்காளிகளும் தலையாட்டினார்கள். முதல் முறையாக ஒற்றுமையைப் பார்த்தேன்.

ஆக, படைப்புக்கு முன்னால் வண்டி தன் காலில் நகர வேண்டும். இல்லையென்றால் தராசில் ஏறும்.

அன்று முதல் எங்கள் வீடு மண்ணெண்ணெயில் மிதந்தது. அப்பச்சி ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றுவார். மண்ணெண்ணெயில் ஊற வைப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார். பரீட்சை எண் எழுதுவது மாதிரி ஒரு சீட்டில் எண் எழுதி நூலால் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் டெப்போவில் வேலை பார்க்கிற பிட்டர் வருவார். பக்கத்துத் தெரு. பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் இரண்டு கால் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கால்களோடுதான் அப்பச்சி பேசிக்கொண்டிருப்பார். தொட்டியின் பலகை உளுத்துப் போயிருந்ததால் உடைந்த கட்டிலின் தேக்குப் பலகையை அறுத்துப் போட்டார்கள். வர்ணத்துக்கு, வீட்டு ஜன்னல்களுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சையையே அடித்தார்கள். அதனால் வண்டி கடைசிவரை எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்று இறங்கி வந்து நிற்கிற மாதிரிதான் இருந்தது.

ஆத்தாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை என்றுதான் ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன். நினைக்க வைத்ததும் ஆத்தாதான். "ரசத்துல மண்ணெண்ண வாடை வருதுங்க. நான் பெருங்காயம் போடுறனா, நீங்க இங்க வேற எதையாச்சும் போடுறீகளா?" என்பார். மாவுச் சல்லடையில் நட்டுகளை அள்ளிப் போட்டிருந்த அன்று, "ஒரு நா இல்ல ஒரு நா எல்லாத்தையும் கெணத்துல தூக்கிப் போடுறனா இல்லையான்னு பாருங்க" என்று அடுப்படியிலிருந்து கத்தினார். பிட்டரின் கால்கள்கூட ஒரு நிமிடம் ஆடாமல் நின்றன. ஆனால் அதே ஆத்தா, நாலு மணியானால் வெள்ளைப் பணியாரத்தையும் மிளகாய்த் துவையலையும் என் கையில் கொடுத்து, "அந்த ரெண்டு பைத்தியத்துக்கும் குடுத்துட்டு வா" என்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பணியாரத்தை நாங்கள் யாருமே சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜவுளிக்கடை மஞ்சள் பை கிழிந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, என்னிடம் உள்ள எதையும் அதில் சுற்றி வைப்பேன். சிலேட்டுக் குச்சி, வளையல் துண்டு, பாதி தின்ற கடலை மிட்டாய், எல்லாம் மஞ்சள் துணிக்குள்தான். "மஞ்சத்துணி" என்று எனக்குப் பட்டப் பெயர் வைத்தவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். இப்போது நல்லவள் மாதிரி தினமும் காலை வணக்கம் அனுப்புகிறாள்.

வைகாசி ஆரம்பத்தில் இன்ஜினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றினார்கள். பழைய காலத்துச் சாமான், உடம்பு முழுக்கப் பித்தளை. கறுத்துப் போய் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. பிட்டர் அதை உள்ளங்கையில் வைத்து ஊதினார். "பாப்பா, வண்டிக்கு இதுதான் மூக்கு. இதுல தூசி ஏறுச்சுன்னா வண்டி மூச்சு விடாது" என்றார். அப்பச்சி அதை நன்றாகக் கழுவி, பேப்பர் மேல் வைத்துவிட்டு, டயர் பார்க்க மதுரைக்குப் போனார். திரும்ப இரண்டு நாள் ஆகும்.

பேப்பர் மேல் வைத்தால் போதுமா? கோழி நடமாடுகிறது. காற்று அடிக்கிறது. வண்டியின் மூக்கு திறந்து கிடக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டு வெளிப்பக்கத்தைத் தேய்த்தேன். அப்படி ஒரு மின்னல்! வெள்ளிக்கிழமை விளக்குகள் தோற்றுப் போகும். ஈரம் போகத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, தூசி போகாத இடம் எது என்று தேடினேன். ஆத்தா அறையில் புதுப் பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அதில் இறுக்கமாக மூடி போட்ட ஒரு சம்படம் இருந்தது. அதற்குள் வைத்து மூடினேன். அந்தப் பாத்திரங்கள் சின்னாத்தா கல்யாணத்துக்கு ஆத்தா கொடுக்கப் போகிற சீர் என்பது எனக்குத் தெரியும். அவை மறுநாளே ஆத்தாவின் பிறந்த ஊரான வலையபட்டிக்குப் போகும் என்பது தெரியாது.

மறுநாள் மத்தியானம் உங்களில் ஒருத்தி வீட்டில் பல்லாங்குழி ஆடிவிட்டு வந்தேன். அறை காலியாக இருந்தது. ஆத்தாவின் பிறந்த வீட்டிலிருந்து வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்பச்சி வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

அப்பச்சி நாலு டயரோடு சந்தோஷமாக வந்து இறங்கினார். கொட்டகையில் வெறும் பேப்பர் கிடப்பதைப் பார்த்தார். நேராக அடுப்படிக்குப் போனார்.

"கார்புரேட்டர எங்க?"

"அது என்ன புரட்டரோ எனக்கென்ன தெரியும்?"

"வெளையாடாத. அது இல்லாம வண்டி கெடையாது. மதுர முழுக்கத் தேடினாலும் இன்னொண்ணு கெடைக்காது. நீதான எடுத்த?"

"நான் எதுக்குங்க எடுக்குறேன்?"

"நீதான அன்னைக்கு எல்லாத்தையும் கெணத்துல போடுறேன்னு சொன்ன?"

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஆத்தா கையிலிருந்த கரண்டியை டங்கென்று போட்டார். "ஆமா. நான்தான் போட்டேன். கெணத்துல போட்டேன். போயி எடுத்துக்கங்க" என்றார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை என்று பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று பாதாளக் கரண்டி வாங்கப் போய்விட்டார்.

பாதாளக் கரண்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்குமே, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க. அதை இரவல் வாங்கப் போனால் ஈடாக நம் வீட்டுப் பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். அப்பச்சி ஒரு சொம்பை வைத்துவிட்டுக் கரண்டியோடு வந்தார். மறுநாள் காலையில் எங்கள் பொதுக் கிணற்றைச் சுற்றி ஏழு பங்கு ஆட்களும் நின்றார்கள். கயிறு இறங்கியது. முதலில் ஒரு ஓட்டை வாளி வந்தது. பிறகு ஒரு செம்பு. அதைப் பார்த்ததும் ஒரு பங்காளி வீட்டு ஆச்சி, "அய்யோ, இது எங் கல்யாணச் செம்பு!" என்று ஓடி வந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதைத் திருடிவிட்டதாகப் பத்து வருடத்துக்கு முன் ஒரு வேலைக்காரியை நிறுத்தியிருந்தார்கள். அதை அப்போது யாரும் பேசவில்லை. பிறகு ஒரு இரும்புக் கரண்டி, ஒரு பொம்மைத் தலை, இரண்டு உருளி வளையம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் வந்தார். ஊரே திருவிழா பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. அப்பச்சி மட்டும் சிரிக்கவில்லை. கார்புரேட்டர் வரவே இல்லை.

நான் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொல்லாமல் நாள் தள்ளிப் போகப் போக, சொல்வதற்கான பயமும் வளரும் என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு குட்டு. கிணற்றுக்குப் பிறகு சொன்னால், ஏழு பங்குக்கும் முன்னால் அப்பச்சியை முட்டாளாக்கியவள் ஆகிவிடுவேன்.

அதன்பிறகு மூன்று வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. என் மூலமாகப் பேசினார்கள். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். "அப்பச்சிய சாப்பிட வரச் சொல்லு" என்பார் ஆத்தா. "பசி இல்லேன்னு சொல்லு" என்பார் அப்பச்சி. இரண்டையும் நான் மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பணியாரம் மட்டும் நாலு மணிக்குக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பச்சி ஒன்றுகூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பிட்டர் தின்றார். "சார், கார்புரேட்டர் இல்லாம இந்த வண்டிய ஓட்டணும்னா நீங்க முன்னால இழுக்கணும், நான் பின்னால தள்ளணும். பணியாரம் இப்படியே வந்தாத் தள்ளிருவேன்" என்றார். அதற்கும் அப்பச்சி சிரிக்கவில்லை. வண்டிக்கு டயர் மாட்டி, பச்சை அடித்து, சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்து, எல்லாம் முடிந்து நின்றது. மூக்கு மட்டும் இல்லை.

வைகாசிக் கடைசியில் வலையபட்டியில் கல்யாணம். ஆத்தாவும் நானும் முதல் நாளே போனோம். அப்பச்சி விடிந்து தாலி கட்டுகிற நேரத்துக்கு வருவதாக, வழக்கம்போல், என்னிடம் சொல்லி அனுப்பினார். ஆத்தா கையில் இந்தப் பன்னீர்ச் செம்பு இருந்தது. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க. ஆத்தாவின் கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்தது. நீளக் கழுத்து, அதில் கொடி வேலைப்பாடு. வெள்ளிக்கிழமை தோறும் ஆத்தா தானே துலக்குவார். என்னைத் தொட விடமாட்டார். அவருடைய சாமான்களிலேயே அவருக்குப் பெருமை இருந்தது அந்த ஒன்றில்தான்.

அன்று சாயங்காலம் உள்முற்றத்தைச் சுற்றிப் பாய் விரித்துச் சீர்ச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊசி முதல் அண்டா வரை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, பட்டியல் எழுதி, இரண்டு வீட்டாருக்கும் முன்னால் உரக்க வாசிப்பார்கள். வாசித்துவிட்டால் அது பெண்ணோடு போகிற சாமான். வைத்ததைத் திரும்ப எடுத்தான் என்று ஒரு பேச்சு வந்தால் மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள்.

நான் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனேன். குத்துவிளக்கு, தாம்பாளம், பானை, சம்படம். சம்படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியை விரித்து, அதன் மேல் எங்கள் கார்புரேட்டர். சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, தலையில் ஒரு துண்டு மல்லிகைச் சரம் வேறு.

அதைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

"இது என்ன அச்சா இருக்கும்? முறுக்குப் புழியுறதா?"

"முறுக்குக்கு ஓட்ட இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்? இது காப்பி மிஷினு. மலேயாவுல பாத்துருக்கேன். இங்குட்டு ஊத்துனா அங்குட்டு வரும்."

"மஞ்சத்துணி சுத்தி வச்சிருந்துச்சே. விசேஷமானதாத்தான் இருக்கும்."

பட்டியல் எழுதுகிற பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைசியில், "பித்தளைச் சாமான், வெளிநாடு, ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பட்டியல் முடிந்து வாசிப்பும் ஆகிவிட்டது. எல்லோரும் காப்பி குடிக்கக் கலைந்தார்கள்.

நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்து இழுத்துத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தூசி, மூக்கு, சம்படம், பல்லாங்குழி, கிணறு. எது முதலில், எது பிறகு என்றில்லாமல் கொட்டினேன். அடி விழும் என்று முதுகை வளைத்து நின்றேன். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆத்தா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினார். முதலில் அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மூணு வாரமாடி வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்த?" என்று என் கன்னத்தைத் துடைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. வரிசையைப் பார்த்தார். கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தின் நீளம் எனக்கு அப்போது புரியவில்லை.

நேராக நடந்து போனார். செம்பில் மிச்சமிருந்த பன்னீரைத் துளசி மாடத்தில் ஊற்றினார். முந்தானையால் துடைத்தார். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அதே மஞ்சள் துணி மேல் செம்பை வைத்தார். மல்லிகைச் சரத்தை அதன் கழுத்தில் சுற்றினார்.

பட்டியல் எழுதிய பெரியவர் இன்னும் போகவில்லை. "என்ன ஆச்சி, மாத்துறீக?" என்று ஆத்தாவைக் கேட்டார்.

"பேரு தெரியாத சாமானக் குடுத்து விட்டா எந் தங்கச்சி அத வச்சு என்னண்ணே பண்ணுவா? இதுவும் பித்தளதான். இதுவும் வெளிநாடுதான். பினாங்கு. ஒண்ணுக்கு ஒண்ணு."

பெரியவர் பட்டியலைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். "பித்தளைச் சாமான், வெளிநாடு, ஒண்ணு. சரியாத்தான இருக்கு" என்று பேனாவை மூடினார்.

கார்புரேட்டரை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்த ஆத்தா என்னிடம் குனிந்து, "அப்பச்சிட்டச் சொல்லாத" என்றார்.

"ஏன் ஆத்தா?"

"மூணு வாரமா என்னையத்தான் திட்டிக்கிட்டு இருக்காக. இப்ப உன்னையத் திட்டணும்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பாவம்."

அது வேடிக்கைப் பேச்சு என்று பல வருடம் நினைத்திருந்தேன். எனக்கே கல்யாணமாகி, வீம்பு பிடித்த ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் விளங்கியது. கிணறு வரைக்கும் போய்த் தேடிய மனிதர், பெண்டாட்டி மேல் தப்பே இல்லை என்று தெரிந்தால் எவ்வளவு குன்றிப் போவார்? என்னையும் காப்பாற்றி அவரையும் காப்பாற்றத்தான் ஆத்தா அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கார்புரேட்டரை அப்பச்சியின் மேஜையில் வைத்தார். "இந்தாங்க" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அப்பச்சி அதைத் தொடவே பயந்த மாதிரி பார்த்தார். "எங்க இருந்துச்சு?"

"வச்ச எடத்துல இருந்துச்சு."

"அப்ப நீதான் ஒளிச்சு வச்ச."

"ஆமா" என்று சொல்லிவிட்டு ஆத்தா அடுப்படிக்குப் போனார். அன்று நாலு மணிக்கு அப்பச்சி ஏழு பணியாரம் சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

படைப்பு நாளில் இரும்புக்காரர் தராசோடு வந்து, பின்வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு முடிந்து ஏழு வீட்டாரும் வெற்றிலை மென்றுகொண்டே கொட்டகைக்கு வந்தார்கள். அப்பச்சி கிராங்குக் கம்பியை முன்னால் செருகிச் சுற்றினார். வண்டி இருமியது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமியது. மூத்த பங்காளி இரும்புக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புளி போட்டுத் தேய்த்தேனே, மூக்குக்குள் ஏதாவது போயிருக்குமோ என்று பயந்தேன். பிட்டர் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ திருகினார். "இப்பச் சுத்துங்க சார்" என்றார். பட்டென்று ஒரு வெடி. கோழிகளெல்லாம் கூரைக்குப் பறந்தன. பிறகு அந்தச் சத்தம், தடதடதடவென்று, கொட்டகைத் தகரமெல்லாம் கூடச் சேர்ந்து ஆடியது. அப்பச்சி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். பச்சை வண்டி தானாக வெளியே வந்தது.

கைதட்டியதில் முதல் ஆள் இரும்புக்காரர். அவரையும் தராசையும் தொட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டோம். ஆத்தா முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் இரும்புக்காரரோடு, எடைக்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். முன்னறைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. சத்தத்தை மீறி அப்பச்சி கேட்பது எனக்குக் காதில் விழுந்தது.

"இப்பயாச்சும் சொல்லு. எங்கதான் ஒளிச்சு வச்ச?"

"சொல்லிட்டா அடுத்த தடவ ஒளிக்க எடம் வேணும்ல?" என்றார் ஆத்தா. சொல்லிவிட்டுத் திரும்பி, அந்தக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதை ஆகிவிட்டது. படைப்புத் தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஆரம்பிப்பார்கள். கிணறு, பாதாளக் கரண்டி, பொம்மைத் தலை எல்லாம் வரும். கடைசியில் அப்பச்சி, "இன்னைக்கு வரைக்கும் எங்க ஒளிச்சு வச்சான்னு சொல்ல மாட்டேங்குறா" என்பார். எல்லோரும் ஆத்தாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆத்தாவும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பச்சி போய்ப் பன்னிரண்டு வருடம். ஆத்தா போய் இரண்டு வருடம். வண்டி இப்போது ஊரில் விடுதியாகிவிட்ட ஒரு வீட்டின் வாசலில் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

செம்பு வந்த அன்று இரண்டு வரி நன்றி சொல்வதற்காகச் சின்னாத்தாவுக்குப் போன் செய்தேன். "சின்னாத்தா, அந்தச் செம்ப ஆத்தா சீர்ல மாத்தி வச்சதுக்கு நான்தான் காரணம்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.



"தெரியும்டி" என்றார். "ஒங் கல்யாணப் பத்திரிக்கை வைக்க ஒங்க அப்பச்சி அந்தப் பச்ச வண்டியில இங்க வந்தாக. காப்பி போட்டுக்கிட்டு வாரேன், இந்தச் செம்பத் தலகீழாத் திருப்பிப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. 'இது எப்ப வந்துச்சு?'ன்னு கேட்டாக. 'எங் கல்யாணச் சீர்ல. மொத நாளு ஏதோ ஒரு மிஷினு இருந்துச்சாம், எங்கூடப் பொறந்த ஆச்சி அத எடுத்துட்டு இத வச்சுட்டாக'ன்னேன். 'என்ன மிஷினு?'ன்னாக. 'யாருக்குத் தெரியும், மஞ்சத்துணில சுத்தி இருந்துச்சாம்'ன்னேன். அம்புட்டுத்தான். அப்படிச் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சாக. காப்பி ஆறிப்போச்சு."

"அப்புறம்?"

"போகும்போது வண்டியில ஏறிக்கிட்டுச் சொன்னாக. 'எம் மகளுக்குத் தெரிய வேண்டாம். பயந்துக்கும்'னு."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணம் நிச்சயமாகி நின்றவள். அதற்குப் பிறகு எத்தனை படைப்பு, எத்தனை சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் அப்பச்சி. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

வருகிற ஆனியில் படைப்பு. செம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். சாப்பாடு முடிந்து யாராவது அந்தக் கதையை ஆரம்பிப்பார்கள். அப்போது இதை நடுவில் வைத்து, "ஒளிச்சது ஆத்தா இல்ல, நான்தான்" என்று ஏழு வீட்டாருக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்தேன்.